வாங்கியதும் வாடியதும்: ஃபைகஸ் செடிகள் பற்றிய கேள்வி-பதில்

வீட்டுக்குள் வைக்கும் தொட்டிச் செடிகளை வாங்குவது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபைகஸ் செடிகளைப் பற்றியவையாக இருந்ததால், இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகிய நம் ஊர் மரங்களெல்லாம் சேர்ந்த பேரினத்துக்குத்தான் ஃபைகஸ் என்று பெயர். ஏதோ அபூர்வச் செடியைப் போல விலை சொல்லப்படும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நர்சரியில் ஆளுயர ஃபைகஸ் பெஞ்சமினா ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கி வரவேற்பறையில் வைத்தேன். பத்தே நாளில் பாதி இலைகள் கொட்டிவிட்டன. ‘விற்ற செடி திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். நான் ஏமாற்றப்பட்டேனா? – வேளச்சேரி வாசகர்

இல்லை என்றே நினைக்கிறேன். நிழல்வலைக்கு அடியில் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த பெஞ்சமினாவைத் திடீரென்று வீட்டுக்குள் கொண்டுவந்தால், அந்த மாற்றத்தைத் தாங்காமல் அது இலைகளைக் கொட்டும். அந்த இனத்தின் இயல்பு அது. விற்றவர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவருடைய குறை. ஒரு கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. ஜன்னலை ஒட்டி ஓரிடத்தில் நிறுத்தி, அதன்பின் இடம் மாற்றாமல் விட்டுவிடுங்கள். இலை கொட்டுகிறதே என்று பதறிக் கூடுதலாகத் தண்ணீரும் உரமும் கொடுத்து வேரை அழுகவிடுபவர்களே அதிகம். ரசீதில் அச்சிட்ட அந்த வாசகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. வேர் அழுகிய நிலையிலோ மாவுப்பூச்சி அப்பிய நிலையிலோ செடி உங்கள் கைக்கு வந்திருந்தால், அந்த அச்சு வாசகம் கடைக்காரரைக் காப்பாற்றாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்? – சேலம் வாசகர்

மேல்மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

வெள்ளையும் பச்சையும் கலந்த ரப்பர் செடி என்ற படத்தைப் பார்த்து இணையத்தில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். ஒற்றை இலை நட்ட சிறு தொட்டி வந்தது. ‘வேர் பிடித்திருக்கிறது, வளரும்’ என்றார்கள். ஆறு மாதமாகியும் அதே ஓர் இலைதான். நான் சரியாகப் பராமரிக்கவில்லையோ? – கோவை, ஓய்வுபெற்ற ஆசிரியை

அம்மா, உங்கள் பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லை. ரப்பர் செடியின் இலையை மட்டும் காம்போடு பறித்து மண்ணில் ஊன்றினால், வேர்விட்டு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில்கூடப் பச்சையாகவே நிற்கும். ஆனால் புதிய தண்டு கிளம்புவதற்கு இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவும் அதிலுள்ள மொட்டும் தேவை. அவை இல்லாத இலை ஒருநாளும் செடியாகாது. செடி வளர்த்து விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்பதால்தான் இதை மோசடி என்று எழுதுகிறேன். மெதுவாக மண்ணை விலக்கி, இலையின் அடியில் தண்டுத் துண்டு எதுவும் இல்லை என்று தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ‘உயிர்ச் செடிகளைத் திருப்பி எடுப்பதில்லை’ என்ற நிபந்தனையைக் காட்டுவார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அத்தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அங்கே நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் முறையீடு செய்ய இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு என்பதால், ஆறு மாதம் கடந்ததை எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

‘நாசா சான்றளித்த காற்றுச் சுத்திகரிப்புச் செடி, இரவிலும் ஆக்சிஜன் தரும்’ என்ற அட்டையைப் பார்த்து, பெற்றோரின் படுக்கையறைக்காக 12 ஃபைகஸ் செடிகளை 9,600 ரூபாய்க்கு வாங்கினேன். அப்பாவுக்கு மூச்சுத்திணறல் உண்டு. பலன் எப்போது தெரியும்? – திருச்சி வாசகர்

இந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபத்தை வீட்டில் உள்ளவர்கள் அறிவார்கள். இன்று உங்களிடமும் கொட்டிவிடுகிறேன். நாசா எந்தச் செடிக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. 1989-இல் அதன் ஆய்வாளர்கள் காற்றுப் புகாத சிறு கூண்டுகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற சில வேதிப்பொருட்கள் எவ்வளவு குறைகின்றன என்று அளந்தார்கள். விண்கலம் போன்ற மூடிய இடங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சோதனை அது. கதவும் ஜன்னலும் உள்ள, ஆள் நடமாடும் வீட்டுக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிவந்தது வியாபாரிகளின் வேலை. இத்தகைய பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், ஒரு கட்டடத்தில் வழக்கமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வைக்க வேண்டும் என்று 2019-இல் எழுதினார்கள். பத்துக்குப் பத்து அடி அறைக்குக் குறைந்தபட்சக் கணக்கே ஏறத்தாழ 93 செடிகள். அதன்பின் கட்டிலுக்கு இடம் இருக்காது. இரவு ஆக்சிஜன் கதையும் அப்படித்தான். வெளிச்சம் இல்லாதபோது தொட்டி ஃபைகஸும் நம்மைப் போலச் சுவாசித்துக் கரியமில வாயுவை விடுகிறது. அதன் அளவு மிகச் சிறியது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் பணம் கொடுக்கவும் அதில் ஒன்றும் இல்லை.

நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அதுவும் தந்தையின் நோயை முன்னிட்டு. அட்டையைக் கிழிக்காமல் ரசீதோடு வைத்து, தவறான விளம்பரம் என்று 1915-இல் புகார் செய்யுங்கள். செடிகளில் இரண்டை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெளிச்சமுள்ள உறவினர் வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்துவையுங்கள். அப்பாவை மருத்துவரிடம் காட்டுவதைச் செடியின் பலனுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

ஃபிடில் லீஃப் செடி 4,500 ரூபாய். ஜன்னல் இல்லாத அறையில், ஏசிக்கு நேர் எதிரே வைத்திருந்தேன். மூன்றாவது செடியும் கருகிவிட்டது. நான்காவதை எந்தக் கடையில் வாங்கலாம்? – தாம்பரம் வாசகர்

எந்தக் கடையிலும் வேண்டாம். அது மேற்கு ஆப்பிரிக்காவின் ஈரமான மழைக்காட்டு மரம். நீங்கள் அதற்கு இருட்டையும் வறண்ட குளிர்காற்றையும் கொடுத்திருக்கிறீர்கள். 13,500 ரூபாய் செலவழித்தபின் எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில், முதல் செடி போனபோதே அந்த அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்திருக்கலாம்.

அடியில் துளையில்லாத பீங்கான் தொட்டி 1,200 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். கீழே கூழாங்கல் பரப்பினால் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா? – மதுரை வாசகர்

தவறு. வெளியேற வழியில்லாத தண்ணீர் கல்லிடுக்கில் நிறைந்து வேரைத்தான் எட்டும். துளையுள்ள நெகிழித் தொட்டியில் செடியை வைத்து, அதைப் பீங்கானுக்குள் இறக்கி, தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுங்கள். இதே அறிவுரையை நம்பி நான் வாங்கிய இரண்டு தொட்டிகளில் ஒன்று இப்போது எங்கள் வாசலில் குடை வைக்கப் பயன்படுகிறது.

‘ஜின்செங் போன்சாய், 20 ஆண்டு வயது’ என்று 7,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? – புதுச்சேரி வாசகர்

அதற்கும் ஜின்செங் மூலிகைக்கும் தொடர்பில்லை. வேர் பருக்க வளர்க்கப்பட்ட இச்சி இனம்தான் அது. அடிவேர் பருத்திருப்பது வயதுக்குச் சான்றாகாது. ‘20 ஆண்டு’ என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், விலை தானாக இறங்கும். ஒரு கண்காட்சியில் 25 ஆண்டு மரம் என்று நம்பி 6,000 ரூபாய் கொடுத்த எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான், ஒட்டுக் கட்டிய நெகிழி நாடா தண்டில் இன்னும் புதிதாகவே இருப்பது தெரிந்தது.

ரப்பர் செடியின் பாலைத் தொட்ட குழந்தைக்குக் கை சிவந்துவிட்டது. விஷமா? – நாகர்கோவில் வாசகி

ஃபைகஸ் பால் தோலை உறுத்தக்கூடியது; ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடுதலாகப் படுத்தும். சோப்பு போட்டுக் கழுவுங்கள். வீக்கமோ வாய், கண்ணில் பட்ட அறிகுறியோ இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். செடியை எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள்.

தொட்டியில் பெரிதாகிவிட்ட ஃபைகஸை மதில்சுவர் ஓரம் தரையில் நடலாமா? – தஞ்சாவூர் வாசகர்

சுவர் வேண்டுமென்றால் நடாதீர்கள்.