கார்பன் குழாயும் கருத்துக்கணிப்பும்

அன்புள்ள ஐயா,

ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துப் புதைக்கும் கார்பன் பிடிப்புக்கு அமெரிக்க அரசு தரும் வரிச்சலுகை பற்றி எழுதியிருந்தீர்கள். 2022-ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில் பத்தில் எட்டுப் பேர் அதை ஆதரித்திருக்கிறார்கள். ஆனால் 2024-ல் சவுத் டகோட்டாவில், அந்த வாயுவைக் கொண்டுபோகும் கார்பன் குழாய்க்கு வழிவிடும் சட்டத்தை மக்களே வாக்களித்துத் தோற்கடித்தார்கள். தன் நிலம் என்று வந்ததும் கொள்கை பறந்துவிடுகிறது. இவர்களிடம் கருத்துக் கேட்டு என்ன பயன்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கணிப்பு நாடு முழுக்க எடுத்தது, வாக்களித்தது ஒரு சின்ன மாநிலம். சரி, அதை விடுங்கள். இரண்டிலும் அதே ஆட்கள் இருந்திருந்தாலும் அதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. கார்பனைப் பிடிக்கும் தொழில்நுட்பத்துக்கு வரிச்சலுகை தரலாமா என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? பணம் யாருக்குப் போகும், குழாய் யார் வயலில் வரும் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் கிடையாது.

45க்யூ என்ற வரிப் பிரிவின்படி, 2022-க்குப் பிறகு ஆலைகளில் பிடித்து நிலத்தடியில் புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரை கிடைக்கிறது. பிடிப்பது சுலபமா கஷ்டமா என்று அது பார்ப்பதில்லை. நிலக்கரி மின் நிலையப் புகையில் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் பதினைந்து சதவீதத்தைத் தாண்டாது. பிரித்தெடுக்க ஏகப்பட்ட செலவு. மக்காச்சோளத்தை நொதிக்கவைக்கும் எத்தனால் ஆலையில் அதே வாயு கிட்டத்தட்டச் சுத்தமாகவே வெளிவரும். ஈரத்தை நீக்கி அழுத்தி அனுப்பினால் வேலை முடிந்தது. முதலீடு எங்கே போகும், சொல்லுங்கள். அப்படிப் பிறந்ததுதான் சம்மிட் நிறுவனத்தின் திட்டம்: ஐந்து மாநிலங்கள், 57 எத்தனால் ஆலைகள், சுமார் 2,500 மைல் குழாய், கடைசியில் நார்த் டகோட்டாவில் புதைப்பு.

எதிர்த்தவர்களில் பலர் எத்தனாலை நம்பி மக்காச்சோளம் பயிரிடுகிறவர்கள். மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் சீறுகிற ஆட்கள் இல்லை. இசையாதவர்களின் நிலத்தைக் கட்டாயமாக எடுக்க நிறுவனம் நீதிமன்றம் போனதுதான் அவர்களைக் கிளப்பிவிட்டது. ஒரு தனியார் நிறுவனம் வரிச்சலுகை சம்பாதிக்க என் வயலை ஏன் பறிக்க வேண்டும் என்று கேட்டார்கள். பயமும் இருந்தது. 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சட்டார்ஷியா அருகே மண் சரிந்து இத்தகைய குழாய் ஒன்று உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு ஊருக்குள் படிந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் நின்றுபோயின. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் வேண்டாம் என்றால் அது அறியாமையா?

2024 நவம்பரில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் அந்தச் சட்டத்தை நிராகரித்தார்கள். 2025 மார்ச்சில் மாநில அரசு கார்பன் குழாய்களுக்குக் கட்டாய நில எடுப்பையே தடை செய்தது. குடியரசுக் கட்சியின் கோட்டையில் நடந்தது இது! சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் பழமைவாத விவசாயிகளும் ஒரே பக்கம் நின்றதை ரசித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதனால் கார்பன் பிடிப்புக்கு மானியமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளியாகும் கார்பனில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருகிறது; எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. நார்வேயின் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பு 2025-ல் திறக்கப்பட்டது. செலவில் பெரும்பங்கு அரசுடையது. பிடித்ததைக் கப்பலில் கொண்டுபோய்க் கடலடிக்குக் கீழே புதைக்கிறார்கள். அங்கே கொடுத்த காசுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

உங்கள் கோபத்தை விவசாயிகள் மேல் காட்டுவதைவிட 2025 ஜூலையில் வந்த அமெரிக்க வரிச் சட்டத்தின் மேல் காட்டலாம். பழைய எண்ணெய்க் கிணறுகளில் கார்பனைச் செலுத்தி மிச்ச எண்ணெயை மேலே கொண்டுவருபவர்களுக்கு அதுவரை டன்னுக்கு 60 டாலர்தான் உச்சம். புதிதாக அமையும் ஆலைகளுக்கு இப்போது அதுவும் 85.