மாணவர் விசாவில் போகிற மகளுக்கு ஜப்பான் ரயில் பாஸ் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் பொறியியல் படிக்கிறாள். பரிமாற்ற மாணவியாக ஓராண்டு டோக்கியோவுக்குப் போகிறாள். விடுமுறையில் ஒசாகா, கியோட்டோ பக்கம் சுற்ற ஆசை. ‘இங்கேயே ஜப்பான் ரயில் பாஸ் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், மலிவு’ என்கிறார் டிராவல் ஏஜென்ட். எடுக்கலாமா?
- கோவை வாசகர்

பதில்: எடுக்காதீர்கள். விலை கிடக்கட்டும், உங்கள் மகளால் அதைப் பயன்படுத்தவே முடியாது. பாஸ்போர்ட்டில் ‘தற்காலிக வருகையாளர்’ என்று பதிவாகி வரும் சுற்றுலாப் பயணிகள் சில நாட்களுக்கு நாடு முழுக்க ரயிலில் சுற்றுவதற்கான பாஸ் அது. மாணவர் விசாவில் போகிறவர் அங்கே குடியிருப்பவர் கணக்கில் வந்துவிடுவார். இங்கே பணம் கட்டினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் அங்கே போய் பாஸாக மாற்றிக்கொள்ள வேண்டிய சீட்டுதான். ஜப்பான் ரயில் நிலைய கவுன்டரில் அதை நீட்டியதும் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பதிவு இல்லையென்றால் பாஸ் கிடையாது. பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிய இடத்துக்கே நடக்க வேண்டும், பிடித்தமும் உண்டு. ‘மாணவர் விசாவுக்குச் செல்லும் என்று எழுதிக் கொடுங்கள்’ என ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்களேன்!

மலிவு என்பதும் பழைய கதை. 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோ - ஒசாகா புல்லட் ரயிலில் போக ஏறக்குறைய 14,000 யென்தான். போய்வர மட்டும் என்றால் தனி டிக்கெட்டே லாபம்.

மாணவர்கள் அங்கே தேடிப் பிடிப்பது ‘செய்ஷுன் 18’ டிக்கெட். பெயரில்தான் 18, வயது வரம்பு கிடையாது, விசாவையும் பார்க்க மாட்டார்கள். பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்பார்கள். 3 நாளுக்கு 10,000 யென், 5 நாளுக்கு 12,050 யென் என்று விற்றார்கள். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிறுவனங்களின் சாதாரண ரயில்களில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். புல்லட் ரயிலில் ஏற முடியாது. டோக்கியோவிலிருந்து ஒசாகா போக ஒன்பது மணி நேரம் ஆகும். அட்டாமி, டொயோஹாஷி, மைபாரா என்று வண்டி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாறுகிற இடத்தில் அடுத்த வண்டியில் இடம் பிடிக்கப் பெட்டியும் கையுமாகப் படியேறி ஓடுவார்கள். ஐந்து பேர் ஒரே டிக்கெட்டைப் பகிரலாம், விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். 2024 குளிர்காலத்திலிருந்து ஒருவருக்கு மட்டும், அதுவும் தொடர்ச்சியான நாட்களுக்குத்தான்.

இரவுப் பேருந்தையும் மகளிடம் சொல்லிவையுங்கள். டோக்கியோவில் இரவு ஏறினால் காலையில் ஒசாகா, ஒரு ராத்தங்கல் செலவும் மிச்சம். பக்கத்து இருக்கையில் பெண்ணையே அமர்த்தும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. ஒரு வரிசைக்கு நான்கு இருக்கை உள்ள வண்டி மலிவு. ஆனால் தூக்கம் வர வேண்டுமானால் மூன்று இருக்கை வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதே மேல். ஏப்ரல் கடைசி, ஆகஸ்ட் நடு, புத்தாண்டு ஆகிய மூன்று சமயங்களிலும் கட்டணம் எகிறும்.

இன்னொன்று, ‘காக்குவாரி’ என்ற மாணவர் சலுகை. ஒரு வழித் தூரம் 100 கி.மீ.க்கு மேல் என்றால் ஜே.ஆர். அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் குறையும், விரைவு ரயிலுக்கான கூடுதல் கட்டணத்தில் குறையாது. டோக்கியோ - ஒசாகாவுக்கு ஏறக்குறைய 1,800 யென் மிச்சமாகும். பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ் வேண்டும். பரிமாற்ற மாணவர்களைப் போல அங்கே பட்டப்படிப்பில் சேராதவர்களுக்கு அதைத் தராத பல்கலைக்கழகங்களும் உண்டு. போனதும் மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சுற்றுலா விசாவில் மகளைப் பார்க்கப் போனால் அந்த ரயில் பாஸ் உங்களுக்குச் செல்லும். ஒசாகா, ஹிரோஷிமா, புகுவோகா என்று ஒரே வாரத்தில் சுற்றுவதானால் கணக்குப் போட்டுப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: சப்போரோவுக்கு எதில் போவது மலிவு?
- டோக்கியோவில் படிக்கும் மாணவர்

பதில்: விமானம்தான். புல்லட் ரயில் இன்னும் சப்போரோவை எட்டவில்லை. நரிட்டா விமான நிலையத்திலிருந்து பீச், ஜெட்ஸ்டார் ஜப்பான் என்ற இரண்டு மலிவு விமான நிறுவனங்களும் பறக்கின்றன. கைப்பை 7 கிலோவைத் தாண்டினால் வாசலிலேயே காசு கேட்பார்கள். டோக்கியோ நகரத்திலிருந்து நரிட்டா 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள்.