துண்டுக்குள் விரல்

ஐயா, வணக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விற்கத் தெரிந்தவனுக்கு வீட்டிலும் வெளியிலும் எல்லாம் நடக்கும் என்று நண்பன் சொல்கிறான். பெங்களூரில் இரண்டு நாள் பயிற்சி, கட்டணம் 6,000 ரூபாய். எனக்குப் பேச்சு வராது. வேலையை விட்டுவிட்டு பெல்ட், பர்ஸ் தைத்து விற்க ஆசை. அக்கா பிள்ளை காதுகுத்தில் அப்பாவிடம் கேட்டேன். எல்லார் எதிரிலும் 'முடியாது' என்று கத்திவிட்டார். பயிற்சிக்குப் போகலாமா? நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.
க., ஆம்பூர்

அன்புள்ள க.,

புத்தகம் வேண்டாம். பயிற்சி உங்கள் பணம், உங்கள் இஷ்டம். பேச்சு வராதது ஒரு குறையே இல்லை. டெபாசிட் போடப் போன என் தலையில் தேனாகப் பேசி பாலிசியைக் கட்டியவரைத் தெருவில் கண்டால், இன்றும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

என்னை உறுத்துவது அந்தக் காதுகுத்துதான்.

பொய்கை சந்தையைச் செவ்வாய்க்கிழமைகளில் வேலூர் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் எங்கப்பாவோடு மாடு விற்க அங்கே போவேன். வாங்க வருகிறவர் வாயைப் பிளந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார். குறையெல்லாம் ஊர் கேட்கச் சொல்வார். விலையை மட்டும் சொல்ல மாட்டார். தரகர் தோள் துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போடுவார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். ஒரு விரல் என்றால் நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். படியவில்லையா, துண்டு தோளுக்குப் போய்விடும். "அப்புறம் பாக்கலாம்ணா."

அரை மணி கழித்து அதே ஆள் திரும்பி வருவார். வர முடிந்தது, அதைக் கவனியுங்கள். அவர் எவ்வளவுக்குக் கேட்டார், அப்பா எதற்கு மறுத்தார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டிக் கேட்டாலும் கௌரவம் போகாது. குறைத்துக் கொடுத்தால் அப்பாவுக்கும் போகாது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் ரோஷம் பிடித்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? மொய் எழுதுகிற இடத்தில், சம்பந்தி பார்க்க, மாதச் சம்பளத்தை விடுகிறேன் என்றீர்கள். அந்த மனுஷன் வேறென்ன சொல்வார்? இனி மனசு மாறினாலும் எந்த முகத்தோடு மாற்றிக்கொள்வார்? திரும்பி வரும் வழியை அடைத்தது நீங்கள்தான் தம்பி. படித்த பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது?

மெட்ராஸுக்கு வேலை தேடிப் போகப் பணம் கேட்டபோது, எங்கப்பா மாட்டுக் கொட்டகையில் இருந்தார். பதிலே சொல்லவில்லை. தன் துண்டை என் கைமேல் போட்டார். நான் மூன்று விரல் பிடித்தேன். அவர் இரண்டை அழுத்தினார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மூன்றாவதையும் பிடித்தார். எவ்வளவு கொடுத்தார் என்று அம்மாவுக்குக்கூடக் கடைசிவரை தெரியாது.

ஒரு பர்ஸ் தைத்துக்கொண்டு அப்பாவைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அக்கா வீட்டுக்காரர் வந்துவிடுவார்.