டாட் காம் விலையை ஏற்றுவது யார்?

கேள்வி: சந்தூரில் மா ஒட்டுக்கன்று நர்சரி நடத்துகிறோம். முதல் வருடம் 499 ரூபாய்க்கு எடுத்த டாட் காம் முகவரிக்கு இப்போது ரினியூவல் 1,650 ரூபாய் கேட்கிறார்கள். யார் இப்படி ஏற்றுகிறார்கள்? வேறு கம்பெனிக்கு மாறலாமா?
- ஒரு வாசகர், போச்சம்பள்ளி வட்டம்

பதில்: டாட் காம் முழுவதும் அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நீங்கள் யாரிடம் வாங்கினாலும் ஒரு பெயருக்கு வருடத்துக்கு 10.26 டாலர் அங்கே போய்விடும். 2021 ஆகஸ்டில் இது 7.85 டாலர்தான். அதன்பிறகு 2024 செப்டம்பருக்குள் நான்கு முறை ஏற்றி, ஏறக்குறைய 31 சதவீதம் கூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஆறு ஆண்டிலும் கடைசி நான்கு ஆண்டில், ஆண்டுக்கு 7 சதவீதம் வரை ஏற்றலாம் என்று அமெரிக்க வணிகத் துறை 2018இல் அனுமதித்ததே இதற்கு வழி. டாட் காமை நடத்தும் ஒப்பந்தம் 2024 கடைசியில் மறுபடி வெரிசைனுக்கே போனது. டெண்டர் கிடையாது, போட்டி கிடையாது. இதைத்தான் நாங்கள் அநியாயம் என்கிறோம்.

ஆனால் உங்கள் பில்லில் உள்ள பாரம் முழுவதும் அதுவல்ல. டாலர் 88 ரூபாய் என்று வைத்து, இணையப் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தாலும் 1,090 ரூபாய்க்குள்தான் வரும். மீதி, உங்களுக்குப் பெயரை விற்கும் கம்பெனியான ரெஜிஸ்ட்ராரின் பங்கு. அதனால் மாறுவது லாபமே.

காலாவதிக்கு 20 நாள் முன்பே தொடங்குங்கள். கணக்கில், பெயர் வேறிடம் போகாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக்கை எடுத்துவிட்டு, மாறுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு கேளுங்கள். 5 நாளுக்குள் தர வேண்டும் என்பது விதி. புது ரெஜிஸ்ட்ராரிடம் அதைக் கொடுத்துப் பணம் கட்டினால் ஒரு வருடமும் கூடும். புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகாத பெயரை மாற்ற முடியாது. பலர் கோட்டைவிடும் இடம் நேம்சர்வர், அதாவது உங்கள் முகவரியைத் தேடுபவருக்குத் தளமும் மெயிலும் எங்கே என்று வழிகாட்டும் சர்வர். அது பழைய ரெஜிஸ்ட்ராருடையதாக இருந்தால், மாறிய பிறகு தளமும் மெயிலும் நின்றுபோகலாம். அதில் உள்ள வழிகாட்டும் குறிப்புகளான டிஎன்எஸ் பதிவுகளை, முக்கியமாக மெயிலுக்கான எம்எக்ஸ் வரிகளை, முதலில் புது இடத்தில் அப்படியே ஏற்றிவிடுங்கள். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்திருந்தால், இதற்கெல்லாம் முன்பு உரிமையாளர் பெயரையும் மெயிலையும் உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள்.

விலை ஏறப்போவதை வெரிசைன் 6 மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பழைய விலைக்கே, மொத்தம் 10 ஆண்டு வரை, புதுப்பித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை டாட் ஆர்க் வைத்திருக்கிறது. நாம் ஆட்சேபித்தால் ஐகான் கேட்குமா?
- ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: 2019இல் டாட் ஆர்க்குக்கு இருந்த ஆண்டுக்கு 10 சதவீத உச்சவரம்பை ஐகான் நீக்கியது. 3,200க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, பெரும்பாலானவை எதிர்ப்பு, அப்படியும் நீக்கினார்கள். இயக்குநர் குழுவில் வெளிப்படையாக வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. சில மாதத்திலேயே டாட் ஆர்க் நிர்வாகத்தை, அதை வைத்திருந்த இன்டர்நெட் சொசைட்டி என்ற அமைப்பு, ஈதோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்து, கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலும் கடிதம் எழுதிய பிறகு, 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அதை மறுத்தது. ஆக, குரல் எழுப்பிப் பலன் உண்டு.

ஒப்பந்த மாற்றங்களுக்குக் கருத்து கேட்கும் காலம் வழக்கமாக 40 நாள். எழுதும்போது ஒப்பந்தத்தின் விதி எண், உங்கள் ஆண்டுச் செலவு, விலை ஏறினால் எது நிற்கும் என்பதைக் குறிப்பிடுங்கள். ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பினால் மதிப்பு குறையும். விலை பற்றித் தனிப் புகார் போட்டால் ஐகான் எடுப்பதில்லை. ஆத் கோடு தராமல் இழுத்தடித்தால் எடுக்கும்.