கடைசி செமஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கோட்டையூர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து மேற்படிப்பு, வேலை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை.

தேவகோட்டைப் பக்கம் கிராமம். பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "டிகிரி முடிஞ்சதும் பி.எட். சேர்ந்துடு, பொம்பளைப் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் தோது" என்கிறார்கள் வீட்டில். எனக்கு லேபில் நிற்கத்தான் பிடிக்கிறது, ஆராய்ச்சிக்குப் போக ஆசை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மேடத்திடம் கேட்கப் பயம்.

நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. இதே கேள்வி பெரும்பாலும் கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் என்னிடம் வரும், அப்போது பாதி விண்ணப்பத் தேதிகள் முடிந்து போயிருக்கும். உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்றால் நல்ல இடத்தில் எம்.எஸ்ஸி. படிப்பதுதான் முதல் படி. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. வேதியியலுக்குத் தனித் தாள், மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் விண்ணப்பம் வாங்குவார்கள், பிப்ரவரியில் தேர்வு நடக்கும். அதே மதிப்பெண்ணை வைத்துத் திருச்சி என்.ஐ.டி. மாதிரியான இடங்களுக்கும் கவுன்சலிங் போகலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு என்றால் க்யூட் பி.ஜி. என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இதெல்லாம் நமக்கு எட்டாது என்று ஒதுக்கிவிடாதீர்கள், பாடம் பெரும்பாலும் நீங்கள் படிக்கிற பி.எஸ்ஸி. பாடம்தான், கேட்கிற விதம்தான் வேறு. பத்து மார்க் பதிலைப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய கை, கணக்கைப் போட்டு ஒரே ஒரு எண்ணை மட்டும் நிரப்பு என்றால் முதலில் தடுமாறத்தான் செய்யும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை அச்செடுத்து, எந்தக் கேள்வி உங்கள் வகுப்பில் நடத்திய பகுதியிலிருந்து வந்திருக்கிறது, எது இன்னும் நடத்தாதது, எது நடத்தியும் புரியாதது என்று பென்சிலால் குறியுங்கள். விடை வராவிட்டால் பரவாயில்லை.

அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேடத்தைப் போய்ப் பாருங்கள். "நான் அடுத்து என்ன படிக்கலாம்?" என்று மொட்டையாகக் கேட்டால் எந்த ஆசிரியராலும் சட்டென்று சொல்ல முடியாது. "மேடம், இந்தக் கணக்கில் நெர்ன்ஸ் சமன்பாடு வரைக்கும் வந்துவிட்டேன், அதற்கு மேல் ஓடவில்லை, ஜாம் எழுதலாம் என்று இருக்கிறேன்" என்று போய் நின்றால் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். அவர் வேலை மும்முரத்தில் இருந்தால் இன்னொரு நாள் போங்கள், அதோடு விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உங்களுக்குப் பக்கத்திலேயே சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பாட்டரி, துருப்பிடிப்பதைத் தடுப்பது, மின்முலாம் என்று நீங்கள் புத்தகத்தில் படிப்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். அந்த மதிலை ஒட்டித் தினமும் பஸ்ஸில் போய் வந்தும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே வேதியியல் பட்டம் வாங்கிவிடுகிற பிள்ளைகள் நம் பக்கம் ஏராளம், எனக்கு மனசு ஆறாத விஷயம் அது. செப்டம்பர் 26, சிக்ரியை நடத்துகிற சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் நிறுவன நாள், அதையொட்டி ஆய்வகங்களைச் சுற்றிப் பார்க்க மாணவர்களை அனுமதிப்பது வழக்கம். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி நாலைந்து பேராகப் போங்கள். அங்கே பி.எச்டி. செய்கிற ஒரு பெண்ணைப் பிடித்து, காலையில் எத்தனை மணிக்கு வருகிறார், உதவித்தொகை எவ்வளவு, வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்கினார் என்று கேளுங்கள். அந்தப் பேச்சிலிருந்து கிடைப்பதை என்னால் எழுதிக் கொடுக்க முடியாது.

வீட்டுக்கும் ஒரு பதில் வேண்டுமே. பி.எட்.டோடு சண்டை போட வேண்டியதில்லை. இப்போதே பி.எட். சேர்ந்தால் இரண்டு வருடம், பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு பி.எட். படித்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வே எழுதலாம். ஆக எம்.எஸ்ஸி. போவதால் டீச்சர் வேலை கையை விட்டுப் போகாது, இதை அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். நெட் என்கிற தேசிய அளவிலான தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, ஆராய்ச்சி என்றால் வீட்டுப் பணத்தைக் கரைக்கிற படிப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் இன்றைக்கே கேளுங்கள்.

பி.காம். இறுதியாண்டு, காரைக்குடி. இரண்டு அரியர் இருக்கிறது. சி.ஏ. ஆசை, வங்கித் தேர்வு எழுதலாமா என்றும் யோசனை. மாமா சென்னையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், "கணக்குப் பார்க்க வந்துடு" என்று கூப்பிடுகிறார்.

முதலில் அரியரை முடியுங்கள் தம்பி. வங்கித் தேர்வு அறிவிப்பில் ஒரு தேதி போட்டிருப்பார்கள், அன்றைக்குள் பட்டம் தேறியிருக்க வேண்டும். ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தாலும் அந்த வருடம் போச்சு. கிளார்க் தேர்வுக்கு வயது 20 முதல் 28, ஆபீசர் தேர்வுக்கு 20 முதல் 30, பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் பட்டியலினத்தாருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. வயது இருக்கிறது, அரியர்தான் உங்களை நிறுத்தி வைக்கிறது.

ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ.வுக்கு வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதம் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத் தேர்வை எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட் போகலாம். உங்கள் மார்க் ஷீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்து, அரியர் தாள்களில் எவ்வளவு எடுத்தால் 55 வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் வெறும் பாஸ் போதும் என்று எழுதி 54இல் நின்றுவிட்டால் ஃபவுண்டேஷனிலிருந்து தொடங்க வேண்டும். சி.எம்.ஏ. என்கிற செலவுக் கணக்கியல் படிப்பில் பட்டம் இருந்தாலே இன்டர்மீடியட் சேரலாம், இந்த மதிப்பெண் கட்டுப்பாடு கிடையாது. நம் பக்கம் அதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

சி.ஏ. இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப்பும் தேறிய பிறகு 2 ஆண்டு ஆர்டிகிள்ஷிப். ஒரு ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் கணக்கைப் பார்த்துத் தொழில் பழகுவது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன நம்மூர்க் கடைகளில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் என்கிற உதவியாளாகி, பிறகு பொறுப்பு ஏற்றது போலத்தான் இதுவும். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள், கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

மாமா கடைக்குப் போவதும் தப்பில்லை. ஆனால் என்ன வேலை, என்ன சம்பளம், பரீட்சைக்கு எத்தனை நாள் லீவு என்று மூன்றையும் பேசிவிட்டுப் போங்கள். டாலி என்கிற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் உங்கள் கையால் போடக் கிடைத்தால் அது நல்ல அனுபவம். கல்லாவில் உட்கார்ந்து சரக்கு இறக்குவதை மட்டும் பார்ப்பது என்றால் ஆறு மாதத்தில் படிப்பு மறந்துவிடும். சொந்தக்காரரிடம் சம்பளம் பேசக் கூச்சமாக இருந்தால் அம்மாவை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

மகன் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. குரூப் 4 பயிற்சிக்கு ஒரு மையத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டலாமா?

வேண்டாம் ஐயா. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் தகுதி, 200 கேள்விகளில் 100 தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகங்களை ஒழுங்காகப் படிப்பதுதான் அடித்தளம், அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசமாகவே வகுப்பு எடுக்கிறார்கள். மகனை ஒருமுறை சிவகங்கைக்கு அனுப்பி விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அங்கே ஆறு மாதம் போய்ப் பார்த்து, இன்னும் பயிற்சி தேவை என்று அவரே சொன்னால் அப்புறம் பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. "வரலாறு படிச்சு என்ன செய்யப் போறே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உங்களிடம் இருக்கிற ஒரு பெரிய சலுகையை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010இல் வந்த சட்டம், 2020இல் திருத்தினார்கள், அதன்படி பட்டம் மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். தொடக்கப் பள்ளி ஓர் ஊர், மேல்நிலை வேறு ஊர் என்றால் இந்த விடுமுறையிலேயே போய் வாங்கி வைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் தலைமையாசிரியர் லீவில் இருப்பார்.

வரலாற்றையே தொழிலாக்கவும் வழி இருக்கிறது. கீழடி உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தார்கள். எம்.ஏ. முடித்த பிறகு தொல்லியலில் இரண்டு ஆண்டு முதுகலைப் பட்டயம் மாநிலத் தொல்லியல் துறையிலும் படிக்கலாம், இந்தியத் தொல்லியல் துறையின் கிரேட்டர் நொய்டா நிறுவனத்திலும் படிக்கலாம். பணியிடங்கள் குறைவு, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன், அதனால் போட்டித் தேர்வுக்கும் சேர்த்தே தயாராகுங்கள். கல்வெட்டு வாசிக்க இப்போதே பழக ஆரம்பிக்கலாம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்க்க நீங்கள் புதுக்கோட்டைப் பக்கம் போனால் போதும்.

நான் கல்லூரி ஆசிரியை. வகுப்பு டியூட்டராக 60 மாணவர்கள். வழிகாட்டச் சொல்கிறார்கள், வருகைப் பதிவேடு போடவே நேரம் போதவில்லை. எப்படித்தான் செய்வது?

அறுபது பேரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினால் யார் காதிலும் ஏறாது மேடம். வாரத்துக்கு நாலு பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து வாரத்தில் எல்லோரையும் பார்த்துவிடலாம், ஒரு செமஸ்டருக்குள் அடங்கிவிடும். வருவதற்கு முன் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்: பிடித்த தாள் எது, பாக்கி எத்தனை, வீட்டில் என்ன எதிர்பார்க்கிறார்கள், படித்து முடித்ததும் உடனே சம்பாதித்தே ஆக வேண்டுமா, அல்லது இரண்டு வருடம் பொறுப்பார்களா. அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்துத்தான் மற்ற எல்லாம் பேச முடியும். உடனே சம்பளம் வேண்டும் என்கிற பிள்ளையிடம் ஐ.ஐ.டி. பற்றிப் பேசினால் அது மனசைத்தான் நோகடிக்கும். அவருக்கு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி, மாநில அரசின் நான் முதல்வன் திறன் படிப்புகள், தொலைநிலையில் மேற்படிப்பு என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் உங்களுக்கே பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முடித்துப் போன மாணவர்களில் வங்கியில் ஒருவர், ஆடிட்டர் ஆபீசில் ஒருவர், ஆசிரியராக ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று நம்பர் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் சம்மதத்தோடு பிள்ளைகளிடம் கொடுங்கள். மனசு உடைந்து வருகிற பிள்ளை என்றால் தனியாக விடாதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு நீங்களே பக்கத்தில் இருந்து போன் போட்டுக் கொடுங்கள், அங்கே தமிழில் பேசுவார்கள்.

எந்தப் படிப்பு என்று முடிவெடுப்பதை மட்டும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். பேசியதை இரண்டு வரியில் ஒரு நோட்டில் குறித்து வைத்து, அடுத்த வருடம் டியூட்டராக வருகிறவரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள், அவர் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்காது.