கசினோ செயலியை நம்புவதற்கு முன் – கேள்வி பதில்

கல்லடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை நடத்துகிறேன். அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் வங்கியொன்றின் அட்டைப் பிரிவில் வேலை செய்தேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து கசினோ செயலிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, இந்த இரண்டு வேலைகளிலும் கண்டறிந்ததை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர்: அண்ணா, சட்டபூர்வமான, பாதுகாப்பான கசினோ செயலி ஒன்றின் பெயரைச் சொல்வீர்களா?

பெயர் சொல்ல மாட்டேன் தம்பி. ஏன் என்பதைச் சொல்கிறேன். நம் நாட்டில் கசினோவுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று 2010 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கசினோ தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் கூறியது. அது கொழும்பில் நாம் காண்பதைப் போன்ற, கட்டடத்துக்குள் நடக்கும் கசினோக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தையும் ஒரே கண்காணிப்பின் கீழ் கொண்டுவருவதற்காக, சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 இல் நிறைவேற்றியது. ஆகவே ஒரு செயலி தன்னைச் சட்டபூர்வமானது என்று சொன்னால், இந்த நாட்டில் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அனுமதிப்பத்திரத்துடன் என்று கேளுங்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டப்பட்ட செயலிகளில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பதில் தரவில்லை. அப்படியிருக்க, ஒன்றின் பெயரை நான் எழுதினால், என் பேச்சை நம்பி நீங்கள் காசு போடுவீர்கள்.

ஏறாவூர் வியாபாரி ஒருவர்: நான் பார்த்த செயலியின் அடியில் குராசோ என்ற கரீபியன் தீவின் அனுமதிப்பத்திர முத்திரையும் இலக்கமும் இருக்கின்றன. அது போதாதா?

முதலில் அந்த முத்திரையை அழுத்திப் பாருங்கள். பல இடங்களில் அது வெறும் படம். அழுத்தினால் எங்கும் போகாது. சில இடங்களில் அதே ஆட்களே செய்துவைத்த பக்கத்துக்குப் போகும். எனவே அவர்கள் தரும் இணைப்பை விட்டுவிட்டு, ஒழுங்குபடுத்தும் அமைப்பின் தளத்துக்கு நீங்களாகவே சென்று தேட வேண்டும். பிரித்தானியாவின் சூதாட்ட ஆணைக்குழுவும் மோல்டாவின் கேமிங் அதிகாரசபையும் பொதுப் பதிவேடு வைத்திருக்கின்றன. நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த இணைய முகவரிக்கு அனுமதி உண்டு, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் தெரியும். குராசோவில் 2024 டிசம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, ஒரு நிறுவனத்தின் அனுமதிக்குக் கீழே பலர் துணை அனுமதி பெற்று நடத்திய பழைய முறை முடிவுக்கு வந்தது. உங்கள் செயலி அந்தப் பழைய துணை அனுமதியைக் காட்டினால், அதைக் காலாவதியான பத்திரமாகவே கருதுங்கள்.

அனுமதி உண்மையானதாக இருந்தாலும் அது அந்த நாட்டுக்குரியது. பிரித்தானிய அனுமதி பிரித்தானியாவில் இருக்கும் ஆட்டக்காரரைக் காப்பதற்கானது. ஏறாவூரில் இருக்கும் உங்களை அது காப்பாற்றாது. விதிமுறைகளில் தடைசெய்யப்பட்ட நாடுகள் என்றொரு பட்டியல் இருக்கும்; அதைக் கட்டாயம் வாசியுங்கள். அதில் இலங்கை இருந்தும் காசு போடும்போது எவரும் தடுக்காத செயலிகள் உண்டு. வென்ற காசை எடுக்கப் போகும்போதுதான் அடையாள அட்டையைக் கேட்பார்கள், நாட்டைக் கண்டதும் கணக்கை மூடிவிடுவார்கள்.

கல்முனையிலிருந்து ஒரு மாணவர்: செயலி பிளே ஸ்டோரில் இல்லை. வட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (அண்ட்ரொய்ட் போனில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) நண்பர்கள் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். போடலாமா?

போட வேண்டாம். உண்மைக் காசு வைத்து ஆடும் செயலிகளைக் கூகுள் குறிப்பிட்ட சில நாடுகளில் மட்டும், அங்கே உரிய அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும் பிளே ஸ்டோரில் விடுகிறது. அப்பிளும் அந்தந்த இடத்துக்குரிய அனுமதியைக் கேட்கிறது. அந்தச் சோதனையைத் தாண்ட முடியாததுதான் பெரும்பாலும் வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் கோப்பாகச் சுற்றுகிறது.

சில மாதங்களுக்கு முன் உங்கள் வயதுப் பிள்ளை ஒருவர், சார்ஜ் நிற்கவில்லை என்று போனைக் கொண்டுவந்தார். கையில் வாங்கியபோதே பின்பக்கம் சுட்டது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். சீட்டாடுவதற்கென்று போட்ட ஒரு செயலிக்குக் குறுஞ்செய்திகளை வாசிக்கவும், தொடர்பு இலக்கங்களை எடுக்கவும், அணுகல்தன்மைச் சேவை வழியாகத் திரையில் உள்ளதைப் பார்த்து அழுத்தவும் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. சீட்டாட்டத்துக்குக் குறுஞ்செய்தி எதற்கு? வங்கி அனுப்பும் ஓடிபி எனும் ஒருதடவைக் கடவு இலக்கம் அங்கேதான் வருகிறது. அவருடைய கணக்கிலிருந்து அதற்குள் இரண்டு தடவை காசு போயிருந்தது; வங்கியின் செய்திகள் அழிக்கப்பட்டிருந்ததால் அவருக்கு அது தெரியவே இல்லை. நீங்கள் ஏற்கெனவே போட்டிருந்தால், இணையத்தைத் துண்டித்து, அந்த அனுமதிகளை நீக்கி, செயலியை அகற்றுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியின் 101 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

அக்கரைப்பற்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பத்தாயிரம் ரூபா போட்டால் பத்தாயிரம் போனஸ் என்கிறார்கள். அதில் என்ன நட்டம்?

சேர், கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விதியை மட்டும் சொல்கிறேன். போனஸை எடுப்பதற்கு அதன் 35 மடங்குக்குப் பந்தயம் கட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். அப்படியானால் 350,000 ரூபாவுக்கு ஆட வேண்டும். 96 வீதம் திருப்பித் தரும் ஸ்லொட் (படங்கள் சுழன்று நிற்கும்) ஆட்டத்தில் சராசரியாக 4 வீதம், அதாவது 14,000 ரூபா, நடத்துபவருக்குப் போகிறது. கிடைத்த போனஸோ பத்தாயிரம். சக்கரம் சுழற்றி ஆடும் ரூலெட்டில் குறைவாகத்தானே போகும் என்று நீங்கள் கேட்கலாம். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள், வென்ற ஓர் இலக்கத்துக்குக் கட்டிய காசைத் திருப்பித் தந்து, அதற்கு மேல் கொடுப்பது 35 மடங்கு, அதனால் 2.7 வீதம் நடத்துபவருக்கு நிற்கிறது. ஆனால் ரூலெட்டில் கட்டும் பந்தயத்தைப் போனஸ் நிபந்தனைக்குள் முழுதாகச் சேர்க்கமாட்டார்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்: 180,000 ரூபா வென்றதாகக் காட்டுகிறது. எடுப்பதற்கு முன் பத்து வீதம் வரி கட்டச் சொல்கிறார்கள்.

ஒரு சதமும் கட்டாதீர்கள். உண்மையில் கழிக்க வேண்டியது இருந்தால் வென்ற தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். இந்தத் தொகையைக் கட்டினால் அடுத்ததாக இன்னொரு கட்டணம் வரும். உரையாடலையும் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டையும் படமெடுத்துக்கொண்டு, வங்கிக்கும் பொலிஸுக்கும் இன்றே போங்கள்.

செங்கலடியிலிருந்து ஓர் இளைஞர்: என் வங்கிக் கணக்குக்குள் ஆட்டக்காரர்களின் காசு வர விட்டால் கொமிஷன் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

தம்பி, வந்தவற்றில் இது எனக்கு மிகவும் பயமூட்டிய கேள்வி. யாருடைய காசு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதை வாங்கி அனுப்பினால், 2006 ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படுபவர் நீங்களாக இருப்பீர்கள். செயலியை நடத்துபவர் எங்கோ இருப்பார், கணக்குப் புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் வீட்டு விலாசமும். சந்தேகமான கொடுக்கல் வாங்கலை வங்கிகள் அறிவித்தே ஆக வேண்டும். வங்கி அட்டையையும் சிம்மையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே வங்கிக் கிளைக்குப் போய் இரண்டையும் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு தங்கச்சி: என் கணவர் செயலியில் ஆடி, பெரும்போக நெல் விற்ற காசு முழுவதும் போய்விட்டது. இப்போது என் காப்பும் அடகில். அவரிடம் கேட்டால், இழந்ததை மீட்டுவிட்டு நிறுத்துகிறேன் என்கிறார்.

தங்கச்சி, இழந்ததை மீட்கத் திரும்பவும் ஆடுவது சூதாட்ட அடிமைத்தனம் என்ற நோயின் முக்கியமான அறிகுறி. அவர் கெட்டவராகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். முதலில் காசு போகும் வழியை அடைத்துவிடுங்கள். அவர் சம்மதித்தால் இருவருமாக வங்கிக்குப் போய், அட்டையின் இணையவழிக் கொடுப்பனவையும் வெளிநாட்டுக் கொடுப்பனவையும் நிறுத்தச் சொல்லுங்கள். நாளாந்த எல்லையையும் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்த போகத்துக் காசு உங்கள் கணக்கில் விழட்டும். கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். இன்னொரு நகையையும் கொடுக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அவரும் பேசலாம், நீங்களும் பேசலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் நேரில் காட்டலாம். தனியே அனுப்பாமல் முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். அடகுச் சீட்டின் தவணைத் திகதியை இன்றைக்கே எடுத்துப் பார்த்து எழுதி வையுங்கள்; வட்டியை மட்டும் கட்டித் தவணையை நீடிக்க முடியுமா என்று அந்தத் திகதிக்கு முன்பே போய்க் கேளுங்கள்.