கோட்டுக்குத் துணை போவதும் ஒரு தொழில்தானா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் உயர்தரத்தில் கலைப் பிரிவில் சித்தியடைந்துவிட்டு, குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கோட்டில் (நீதிமன்றத்தில்) துணையாக நிற்கிற வேலைதான் வேண்டுமென்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "பொம்புளப் புள்ள பொலிஸ், கோடு எண்டு அலையிறதா?" என்ற உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அலைச்சலை நினைத்து நீங்கள் அவ்வளவு பயப்படத் தேவையில்லை. தவணைக்குமேல் தவணை போகும் ஒரு வழக்கில் வருடக்கணக்காக ஒரே ஆளுக்குப் பக்கத்தில் இருக்க அவளுக்குப் பொறுமை உண்டா என்றுதான் நான் யோசிப்பேன்.

ஏன் வருடக்கணக்கு என்கிறேன்? ஒரு பாரதூரமான குற்றம் பொலிஸ் முறைப்பாட்டில் தொடங்கி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, நீதிவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம் என்று போய்த்தான் மேல் நீதிமன்றத்துக்கு வருகிறது. அதற்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை குமராகிவிடும். சம்பவத்தை மறக்கப் பார்க்கும் வயதில் அழைப்பாணை வரும். "கலியாணம் பேசுற நேரத்தில இது எதுக்கு" என்று வீட்டாரே பின்வாங்குவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்துத் தெருக்காரராகவோ சொந்தக்காரராகவோ இருந்தால், கோயில் திருவிழாவில் வைத்தே சமாதானம் பேச ஆள் வரும். பல வழக்குகள் தளர்ந்துபோவது இந்த இடத்தில்தான். மகள் செய்ய விரும்பும் வேலையும் இங்கேதான் இருக்கிறது.

அது எப்படிப்பட்ட வேலை என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முறைப்பாடு கொடுத்த அன்றே வேலை தொடங்கிவிடும். குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் வைத்தியசாலைக்கு வரச் சொல்ல வேண்டும். உடுப்பைப் பொலித்தீன் பையில் போட்டால் ஈரத்தில் பழுதாகிவிடும், கடதாசிப் பையே நல்லது. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டக் கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாமென்று சொல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவதும் உண்டு. விளங்காத பாசையில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு "நான் அப்படிச் சொல்லல்ல" என்று கூண்டில் நிற்பது பெரிய சங்கடம். சிங்களம் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் துறையில் உள்ள மதிப்பு இப்போது விளங்கும்.

தவணை நாளில் காலையிலேயே போய், எந்த அறையில் வழக்கு என்று பார்த்து, எதிராளியின் ஆட்கள் கண்ணில் படாத ஒரு வாங்கில் அந்தப் பெண்ணை இருத்த வேண்டும். கையில் தண்ணீர்ப் போத்தலும் ஒரு பிஸ்கட் பக்கெற்றும் இருக்கட்டும். மதியம்வரை கூப்பிடாமலே தவணை போடும் நாட்களும் உண்டு. நீதிவான் எங்கே இருப்பார், சட்டத்தரணிகள் எங்கே, கூண்டு எங்கே என்று முன்கூட்டியே வெறும் அறையைக் காட்டி வைத்தால் பாதிப் பயம் போய்விடும். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேட்கலாம், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம், அழுகை வந்தால் கொஞ்சம் நேரம் கேட்கலாம் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம்.

இதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. "அவன் நீலச் சேட் போட்டிருந்தான் எண்டு சொல்லு மகள்" என்று பாசத்தில் ஒரு வசனம் சொன்னாலும் வழக்கு கெடும். குறுக்கு விசாரணையில், "யாரோடு கதைத்தீர்கள்? என்ன சொல்லித் தந்தார்கள்?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கட்டாயம் கேட்பார். துணை நிற்பவரையே சாட்சியாக அழைக்கவும் கூடும். ஆகவே குறிப்பு எழுதினால் திகதியிட்டு, அந்தப் பெண் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதப் பழக வேண்டும். உங்கள் மகளைப் போல இரக்கம் கூடிய பிள்ளைகள் முதலில் சறுக்குவது இதிலேதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சட்டமும் இப்போது கைகொடுக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி, பாதுகாப்புச் சட்டம் முதலில் 2015 இல் வந்தது. அதற்குப் பதிலாக 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இதற்கென ஒரு தேசிய அதிகார சபையும் பொலிஸில் தனிப் பிரிவும் உண்டு. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். வேறோர் இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சியம் சொல்லவும் இடமிருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். எங்கள் ஊர் முகநூல்காரர்கள் சிலருக்கு இதை யாராவது சொன்னால் நல்லது.

சரி, உத்தியோகம்? "சாட்சிக்குத் துணை" என்று பெயர்ப்பலகை போட்ட ஒரே பதவியைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இந்த வேலை பல கதிரைகளில் பிரிந்து கிடக்கிறது: நன்னடத்தை உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத் துணை உத்தியோகத்தர், சட்ட உதவி ஆணைக்குழு, வன்முறைக்குள்ளான பெண்களுக்கு உதவ சில வைத்தியசாலைகளில் இருக்கும் மிதுரு பியச நிலையம், பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவு. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகளும் நீண்ட காலமாகப் பெண்களோடு வேலை செய்கின்றன. அரச சார்பற்ற நிறுவனங்களில் அனுபவம் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் திட்டக் காசு முடிந்தால் வேலையும் முடியும். அரச பதவி உறுதியானது, காத்திருப்பு நீளம். முதல் சில வருடம் நிறுவனத்தில் பழகிக்கொண்டே வர்த்தமானியைப் பார்த்திருப்பதுதான் என் யோசனை. நன்னடத்தைப் பதவி மாகாணத்துக்குரியது, அதற்குக் கிழக்கு மாகாண அறிவித்தல்களையும் பார்க்க வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி இடம் கொடுத்தால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சமூகவியல் பக்கம் போகலாம். நேராகச் சமூகப்பணியே படிக்க சீதுவையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் இருக்கிறது. மொழிமூலத்தையும் தங்குமிடத்தையும் விண்ணப்பிக்குமுன் கேட்டு அறியுங்கள். சட்டத்தில் பிறகு ஆசை வந்தால் திறந்த பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பரீட்சை எழுதலாம், அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பிலேயே உண்டு. சான்றிதழ் கொடுக்கும் இரண்டு நாள் உளவளத்துணைப் பயிற்சிகளுக்குக் காசு கட்டாதீர்கள்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் பயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டு விலாசத்தையும் சொந்த கைபேசி இலக்கத்தையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. தனியாக வீடுகளுக்குப் போகக் கூடாது, போகும் இடத்தை அலுவலகத்தில் எழுதி வைக்க வேண்டும். தனக்குத் தெரிந்த குடும்பத்தின் வழக்கு வந்தால் வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். கேட்டதை வீட்டில் வந்து சொல்லவும் கூடாது, உங்களிடம்கூட. அவள் முகம் வாடி வந்தாலும், "என்ன நடந்த? ஆர்ர வழக்கு?" என்று நீங்கள் துருவக் கூடாது. இது அவளைவிட உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

விண்ணப்பம் போடுமுன் மகளை ஒரு நாள் களுவாஞ்சிகுடி நீதிவான் நீதிமன்றத்தின் திறந்த அறையில் காலையிலிருந்து மதியம்வரை இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியை நிறுத்திவிட்டு, அடக்கமான உடுப்போடு போகட்டும். வந்த பிறகு என்ன பார்த்தாள் என்று ஒரு பக்கம் எழுதி, அதையும் கையோடு எடுத்துக்கொண்டு இருவருமாக என்னிடம் வாருங்கள். சிங்கள வகுப்புக்கு மட்டும் அதுவரை காத்திராமல் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.